ஆபரேஷனுக்கு முந்தைய ஐந்து மாதம்: ஒரு தையற்கடை அக்காவும் ஒரு வாட்ஸ்அப் குழுவும்

இதை எழுத அந்தத் தையற்கடை அக்காவிடம் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஊர்ப்பெயரும் கடைப்பெயரும் வேண்டாம், மற்றபடி நடந்ததை நடந்தபடியே எழுதுங்க மேடம் என்றார். நான் கோவையில் எடைக்குறைப்பு ஆபரேஷன் செய்யும் ஒரு மருத்துவக் குழுவில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் நடக்கும் இரண்டு மணி நேரத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் ஒரு குடும்பத்துக்குள் என்ன நடக்கிறது, அதில் முகம் தெரியாத மனிதர்களின் உதவி எங்கே கைகொடுத்தது, எங்கே ஆளையே கவிழ்க்கப் பார்த்தது என்பதைத்தான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். நான் தவறவிட்டதும் இதில் இருக்கிறது.

பின்னணி

2024 ஜூன் முதல் வாரத்தில் முதல்முறை வந்தார். வயது 41, உயரம் 154 சென்டிமீட்டர், எடை 112 கிலோ, உயரத்துக்கு எடை எவ்வளவு கூடுதல் என்று காட்டும் பிஎம்ஐ 47. ஈரோட்டுப் பக்கம் ஒரு சிறு நகரத்தில் தையற்கடை வைத்திருக்கிறார், கூட இரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். கணவர் சரக்கு லாரி ஓட்டுநர், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். இரண்டு பிள்ளைகள், மாமியார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமெபிரைடு, டபாகிளிஃப்ளோசின் என்று மூன்று மாத்திரை எடுத்தும் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 9.4 இருந்தது. முட்டிவலியால் மெஷின் பெடலை மோட்டாருக்கு மாற்றிவிட்டிருந்தார்.

எடையைக் குறைக்க அவர் எதுவும் செய்யாமல் இருந்தவர் இல்லை. பேலியோ ஏழு மாதம் இருந்து 14 கிலோ குறைத்து, 19 கிலோ ஏற்றிக்கொண்டவர். நடைப்பயிற்சி, ஜிம், ஏதோ ஒரு மூலிகைப் பொடி எல்லாம் பார்த்துவிட்டார். ஊரில் யாரும் இதைக் கணக்கில் வைப்பதில்லை. "தின்னு தின்னு பெருத்துட்டா" என்பது ஒன்றுதான் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்த வாசகம். ஆபரேஷன் என்றதும் மாமியார் கேட்டது, "ஏனம்மிணி, வவுத்த அறுத்துத்தான் இளைக்கோணுமா? வாயக் கட்டுனா ஆகாதா?" கணவருக்குப் பயம் வேறு மாதிரி. அந்த ஏப்ரலில்தான் சென்னையை ஒட்டிய ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு ஆபரேஷனுக்குப் போன ஓர் இளைஞர் இறந்த செய்தி எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. அவர் அந்த வீடியோவை போனில் சேமித்து வைத்திருந்தார், முதல் சந்திப்பில் என்னிடமே காட்டினார்.

அந்தப் பயத்தை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. பழகிய மையங்களில் இந்த ஆபரேஷனில் உயிரிழப்பு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான், பித்தப்பை ஆபரேஷனோடு ஒப்பிடலாம் என்று மருத்துவர் சொன்னார். அந்த ஒன்று யாராக வேண்டுமானாலும் இருக்கலாம், அதனால்தான் முன்தயாரிப்பில் இத்தனை பரிசோதனை, இத்தனை இழுத்தடிப்பு என்பதையும் சேர்த்தே சொன்னார். தேவை இருக்கிறதா என்பதில் சந்தேகமே இல்லை. 2022இல் வந்த சர்வதேசப் பரிந்துரைப்படி பிஎம்ஐ 35ஐத் தாண்டினாலே, வேறு நோய் இல்லாவிட்டாலும், ஆபரேஷனை யோசிக்கலாம். ஆசியர்களுக்கு அந்த அளவு இன்னும் கீழே, 27.5 வரை இறங்கும். இவருக்கு 47.

ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் செய்யலாம் என்று தோராயமாகத் தேதி பேசினோம். அது அவருடைய கணக்கு. ஆகஸ்டில் முடித்தால் செப்டம்பர் நடுவில் கடைக்குத் திரும்பிவிடலாம், தீபாவளித் தையல் வருமானத்தை விடவேண்டியதில்லை. வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு வருமானம் அந்த ஆறு வாரத்தில்தான் வருகிறது என்றார்.

முதல் மாதத்தில் தெரியவந்தவை

பரிசோதனைகள் ஒவ்வொன்றாக வர வர ஆகஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாகக் கையைவிட்டுப் போனது.

குறட்டை பற்றிக் கேட்டபோது "அது எல்லாருக்கும் இருக்கறதுதானுங்களே" என்றார். மகள்தான், அம்மா தூங்கும்போது நடுவில் மூச்சே கேட்காது, நான் எழுந்து போய்ப் பார்ப்பேன் என்றாள். 14 வயதுப் பெண். தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 38 முறை மூச்சு நிற்கிறது அல்லது தேய்கிறது என்று வந்தது. 30ஐத் தாண்டினாலே தீவிரம். இதைச் சரிசெய்யாமல் மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, குறைந்தது நான்கு வாரம் தினமும் இரவு, காற்றை அழுத்தி அனுப்பி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் இயந்திரத்தின் முகமூடி போட்டுத் தூங்கவேண்டும் என்று மயக்கவியல் மருத்துவர் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

எண்டோஸ்கோபியில் உணவுக்குழாயின் கீழ்ப்பகுதியில் அமிலம் பட்டு நன்றாகவே புண்ணாகியிருந்தது. சின்னதாக ஹையேட்டஸ் ஹெர்னியா, அதாவது இரைப்பையின் மேல்பகுதி கொஞ்சம் நெஞ்சுப் பக்கம் ஏறியிருப்பது. ஹெச். பைலோரி கிருமியும் இருந்தது, அதற்கு 14 நாள் மருந்து. இரைப்பைச் சுவரில் அங்கங்கே சிராய்ப்பு. ஏன் என்று அப்போது புரியவில்லை. பிறகொரு நாள் எதையோ எடுக்கக் கைப்பையைக் கவிழ்த்தபோது நான்கு அட்டை வலி மாத்திரை விழுந்தது. முட்டிவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கியது, மூன்று வருடமாக, சில நாள் இரண்டு. மருந்துப் பட்டியலில் அவர் இதைச் சொல்லவே இல்லை. மறைக்க நினைக்கவில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்தால்தான் அது மருந்து, மெடிக்கலில் வாங்குவது தைலம் மாதிரி என்று நினைத்திருக்கிறார்.

சாப்பாட்டுக் கணக்கு எடுப்பது என் வேலை. காலையில் அவசரமாக நான்கைந்து இட்லி, மதியச் சாப்பாடு மூன்றரைக்கு, நடுவில் எதிர்க் கடையிலிருந்து ஆறு டீ, சாயங்காலம் போண்டா. இதெல்லாம் உடனே சொல்லிவிட்டார். இரவு பத்தரைக்கு மேல் பிள்ளைகள் தூங்கிய பிறகு தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதைச் சொல்ல மூன்று சந்திப்பு ஆனது. கணவர் வீட்டில் இருக்கும் நாட்களில் அது நடப்பதில்லை. மனநல ஆலோசகரிடம் அனுப்பினோம். ஆபரேஷனுக்கு எல்லாரும் ஒருமுறை பார்க்கவேண்டியதுதான், ஆனால் இவர் நான்கு முறை போனார், அவராகவே கேட்டு.

குழுவில் சேர்ந்தது

ஜூன் கடைசியில் அந்த வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தார். ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் 2021இல் தொடங்கியது, ஏறக்குறைய 140 பேர். கோவை, திருப்பூர், கரூர், சேலம், வளைகுடாவில் வேலை செய்யும் சிலர். எங்கள் மருத்துவமனையில் செய்தவர்கள் மட்டும் என்றில்லை. நானும் அதில் ஓர் அட்மின், பெரும்பாலும் வாய் திறக்காத அட்மின்.

முதல் இரண்டு வாரம் எதுவும் எழுதாமல் படித்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் இரவு பதினொன்றே காலுக்கு ஒரு குரல்பதிவு. தான் இப்போது சமையலறையில் நிற்பதாகவும், பசி இல்லை, ஆனாலும் நிற்பதாகவும், இது தனக்கு மட்டும்தான் நடக்கிறதா என்றும் கேட்டிருந்தார். பத்து நிமிடத்தில் ஏழு பேர் பதில் போட்டார்கள். "அக்கா நானும் இப்ப அங்கதான் நிக்கறேன்" என்று ஒருவர். எங்களிடம் மூன்று சந்திப்பு வரை வராத பேச்சு அங்கே தானாக வந்தது. இதை நான் எந்த மனத்தாங்கலும் இல்லாமல் சொல்கிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் 58 கிலோவில் உட்கார்ந்திருக்கும் என்னிடம் அது வந்திருக்காது.

சிபாப் விஷயத்தில் அவர்கள் செய்தது பெரிய உதவி. முதல் மூன்று இரவும் அரை மணி நேரத்தில் கழற்றி வீசிவிட்டார், மூச்சு முட்டுகிறது, கிணற்றுக்குள் இறக்கிவிட்ட மாதிரி இருக்கிறது என்று. இயந்திரத்தை வாடகைக்குத் தந்த ஆள் "பழகிடும்" என்று சொல்லிப் போய்விட்டார். திருப்பூரிலிருந்து ஒருவர் சொன்னார், ராத்திரி பழகப் பார்க்காதீங்க, சாயங்காலம் சீரியல் பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுக்கிட்டு உட்காருங்க, முதல் இரண்டு நாள் மெஷினை ஆன் பண்ணாமல் வெறும் மாஸ்க்கை மட்டும் போடுங்க. ஆறாம் நாள் நான்கு மணி நேரம் தூங்கினார். பத்தாம் நாள் காலையில், கடையில் மதியம் கண்ணைச் சொக்கவில்லை என்று எழுதினார். எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று அவருக்கே தெரியவில்லை.

காப்பீடும் அப்படித்தான். ஐந்து லட்சத்துக்குக் குடும்பப் பாலிசி இருந்தது. முகவர், எடை குறைக்கிறதுக்கெல்லாம் வராது என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். குழுவில் காப்பீட்டுத் துறையில் இருக்கும் ஒருவர்தான் 2019ஆம் ஆண்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியை எடுத்துச் சொன்னார். பிஎம்ஐ 40க்கு மேல் இருந்தாலோ, 35க்கு மேல் இருந்து இதய நோய், தீவிரத் தூக்க மூச்சடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை போன்ற ஒன்று கூட இருந்தாலோ, மற்ற வழிகள் பலிக்காமல் மருத்துவர் பரிந்துரைத்திருந்தால் காப்பீடு மறுக்கக்கூடாது. அந்த "மற்ற வழிகள் பலிக்காமல்" என்பதற்குத்தான் ஆதாரம் கேட்பார்கள், பழைய சீட்டு எதையும் தூக்கிப்போடாதீங்க என்றார். பேலியோ காலத்து ரத்தப் பரிசோதனைகள், ஜிம் ரசீது, பழைய டாக்டர் சீட்டு எல்லாம் பிளவுஸ் அட்டைப்பெட்டி ஒன்றில் கிடந்தது. முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது, தூக்கப் பரிசோதனை அறிக்கையையும் இந்தக் காகிதங்களையும் வைத்து மறுபடி அனுப்பியதில் ஒப்புதல் கிடைத்தது.

ஒரு விஷயத்தில் குழு எதிர்த்திசையில் இழுத்தது. அங்கே முக்கால்வாசிப் பேர் ஸ்லீவ் செய்துகொண்டவர்கள், அதாவது இரைப்பையில் முக்கால் பாகத்துக்கு மேல் நீளவாட்டில் வெட்டி எடுத்துவிட்டு மீதியை ஒரு குழாய் மாதிரி விடுவது. இவருக்கும் அதுதான் மனதில். எண்டோஸ்கோபி வந்ததும் மருத்துவர் இரைப்பை பைபாஸ் என்றார். ஸ்லீவுக்குப் பிறகு எதுக்களிப்பு அதிகமாகலாம், ஏற்கெனவே புண்ணாகியிருக்கும் உணவுக்குழாயோடு அதைச் செய்வது சரியில்லை. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியில் ஒரு முட்டை அளவுக்குச் சிறு பையைப் பிரித்து அதைச் சிறுகுடலோடு இணைப்பதால் அமிலம் மேலே வருவது அடங்கும், சர்க்கரைக்கும் நல்லது. இதை அவர் குழுவில் போட்டதும், "பைபாஸ்னா ரொம்பப் பெரிய ஆபரேஷன் அக்கா, இன்னொரு டாக்டரைப் பாருங்க" என்று வரிசையாகப் பதில்கள். இரண்டு நாள் தூங்கவில்லை. வேறொரு மருத்துவரையும் பார்த்தார், நாங்களே பார்க்கச் சொன்னோம். அவரும் எண்டோஸ்கோபிப் படத்தைப் பார்த்துவிட்டு பைபாஸ்தான் என்றார். வலி மாத்திரை அட்டைகள் அன்றோடு நின்றன, ஏனென்றால் பைபாஸுக்குப் பிறகு அந்த வகை மாத்திரை இணைப்பு இடத்தில் புண் உண்டாக்கும், வாழ்நாள் முழுக்கத் தவிர்க்கவேண்டும். முட்டிக்கு பாராசிட்டமாலும் தொடைத் தசைப் பயிற்சியும்.

ஜூலைக் கடைசியில் நடந்தது

ஆகஸ்ட் நெருங்குகிறது, எடை ஒன்றரை கிலோதான் குறைந்திருக்கிறது என்ற பதற்றத்தில் அவர் இருந்தார். அந்த நேரம் பார்த்துக் குழுவில் ஒருவர் தன்னுடைய "15 நாள் லிவர் டயட்" அட்டவணையைப் போட்டார். ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் நாங்களே எல்லாருக்கும் கொடுப்பதுதான். இரைப்பைக்கு மேலே கல்லீரலின் இடது மடல் கவிந்து படுத்திருக்கிறது. உடல் பருமன் உள்ளவர்களுக்கு அது கொழுப்பேறி வீங்கி, தொட்டால் கிழியும் பதத்தில் இருக்கும். துளைவழி ஆபரேஷனில் அதைத் தூக்கிப் பிடித்தால்தான் இரைப்பை தெரியும். நாளுக்கு 800 முதல் 1000 கலோரி, மாவுச்சத்து குறைவு, புரதம் கூடுதல் என்று இரண்டு வாரம் இருந்தால் கல்லீரல் சுருங்கி இளகும். அட்டவணையில் தவறு ஒன்றும் இல்லை. அதைப் போட்டவருக்குச் சர்க்கரை நோய் கிடையாது, அவ்வளவுதான்.

இவர் யாரிடமும் சொல்லாமல் ஒரு திங்கட்கிழமை தொடங்கிவிட்டார். மூன்று வேளை புரதப்பொடி, மோர், வடிகட்டிய ரசம். மாத்திரைகள் மூன்றும் வழக்கம்போல. புதன்கிழமை மதியம் இரண்டரை மணிக்குக் கட்டிங் டேபிளில் நிற்கும்போது கை நடுங்கி, வேர்த்து, கத்தரி நழுவியிருக்கிறது. வேலை செய்யும் பெண் எதிர்க் கடைக்கு ஓடிப்போய் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ வாங்கிவந்து கொடுத்திருக்கிறாள். குளுக்கோமீட்டரில் 52. டீ குடித்த பத்து நிமிடத்தில் தெளிவு வந்ததும் இவர் செய்த முதல் வேலை குழுவில் குரல்பதிவு போட்டதுதான்: "டயட்டுல மயக்கம் வருது, உங்களுக்கெல்லாம் வந்துச்சுங்களா?"

இரண்டு பேர் "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், உப்புப் போட்டு மோர் குடிங்க" என்றார்கள். மூன்றாவதாகப் பேசியவர் ஓய்வுபெற்ற ஒரு செவிலியர், தன் மகனுக்காகக் குழுவில் இருப்பவர். அவர் கேட்ட ஒரே கேள்வி, "என்ன மாத்திரை சாப்பிடறே சாமி?" பெயரைக் கேட்டதும் அவர் குழுவில் பதில் எழுதிக்கொண்டிருக்கவில்லை, நேரே எனக்கு போன் செய்தார்.

அந்த அழைப்பு வராமல் இருந்திருந்தால் என்ற யோசனை இப்போதும் எனக்கு வருகிறது. கிளிமெபிரைடால் இறங்கிய சர்க்கரை, டீயால் ஏறினாலும் மருந்து உடம்பில் இருக்கும்வரை மறுபடி இறங்கும். சரியாகிவிட்டது என்று வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருப்பார். டபாகிளிஃப்ளோசின் இன்னொரு பக்கம். மாவுச்சத்தை வெட்டிவிட்டு அந்த மாத்திரையைத் தொடர்ந்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும்போதுகூட ரத்தத்தில் கீட்டோன் அமிலம் சேர்ந்து ஆபத்தான நிலைக்குப் போகலாம். ஆபரேஷனுக்கு மூன்று நான்கு நாள் முன்பே அதை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான். அவர் ஊரிலேயே ஒரு மருத்துவமனையில் சேர்க்கச் சொன்னோம். கீட்டோன் 1.2, சற்றுக் கூடுதல், அபாய அளவுக்குப் போகவில்லை. இரவு ஒன்பது மணிக்குச் சர்க்கரை மறுபடி 61க்கு இறங்கியது, அப்போது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததால் தப்பித்தார். மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த அட்டவணை போட்ட பதிவை நான் முந்தின வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தேன். நல்ல அட்டவணை என்று கடந்துபோனேன். குழுவில் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஒரு வரி எழுதியிருக்கலாம்.

தேதியைத் தள்ளியது

ஆகஸ்ட் தேதியை ரத்து செய்தோம். காரணங்களை எழுதியே கொடுத்தோம்: ஹெச்பிஏ1சி 8க்குக் கீழே வரவேண்டும், ஏனென்றால் கட்டுப்பாடில்லாத சர்க்கரையில் தொற்றும் காயம் ஆறாமையும் கூடும், சிபாப் இன்னும் முழு இரவு வரவில்லை, இரவுச் சாப்பாடு பற்றிய ஆலோசனை பாதியில் நிற்கிறது. சர்க்கரை மருத்துவர் கிளிமெபிரைடையும் டபாகிளிஃப்ளோசினையும் நிறுத்தி, மெட்ஃபார்மினோடு இரவில் சிறு அளவு இன்சுலின் கொடுத்தார்.

அவர் அழுதார். தோற்றுப்போய்விட்டேன் என்றார். மாமியார், "சாமியே வேண்டாங்குது" என்றாராம். குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து அந்தச் செவிலியரம்மா அவரிடம் பேசித் திரும்பச் சேர்த்தார். கூடவே இன்னொன்றும் செய்தார். குழுவில் நெடுநாளாகப் பேசாமல் இருந்த ஒருவரை இவரோடு போனில் பேசவைத்தார். ஆறு வருடத்துக்கு முன் ஸ்லீவ் செய்து 41 கிலோ குறைந்தவர், அதில் 20 கிலோவை மறுபடி ஏற்றிக்கொண்டவர். குழுவில் முன்-பின் படங்கள் போடுபவர்களைத்தான் எல்லாருக்கும் தெரியும், ஏறிப்போனவர்கள் சத்தமில்லாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். அவர் இவரிடம் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார். எனக்கு அவசரம், இரண்டே வாரத்தில் முடித்துக்கொண்டேன், ராத்திரி பிஸ்கட் சாப்பிடும் பழக்கத்தை யாரிடமும் சொல்லவில்லை, வயிறு சின்னதானால் தானாகப் போய்விடும் என்று நினைத்தேன், ஒரு வருடம் போயிருந்தது, அப்புறம் வந்துவிட்டது, பிஸ்கட் சின்ன வயிற்றிலும் கரைந்து இறங்கிவிடும் என்று. நாங்கள் கொடுத்த எழுத்து விளக்கத்தை அவர் மடித்து வைத்துவிட்டார். இந்தப் பேச்சுக்குப் பிறகு மனநல ஆலோசகரிடம் தானே நேரம் கேட்டு வாங்கினார்.

ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் பழகும் காலம். அரை இட்லியை இருபது நிமிடம் மெல்லுவது. சாப்பிடும்போதும் அதற்குப் பிறகு அரை மணி நேரமும் தண்ணீர் குடிக்காமல் இருப்பது, இதுதான் கஷ்டமாக இருந்தது, சோற்றுக்குத் தண்ணீர் சொம்பு வைக்காத வீடு எங்கே இருக்கிறது. ஆறு டீயை இரண்டாக்கி, சர்க்கரையை எடுத்தது. மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மணிக்கு போனில் மணி அடிக்கும், கடைப் பெண்கள் மெஷினை நிறுத்திவிட்டு அவர் சாப்பிடும்வரை கூட உட்கார்ந்தார்கள். புரதம் 60 கிராம் எட்டுவது நம் சாப்பாட்டில் லேசில்லை. இரண்டு முட்டை, ஒரு கைப்பிடி பனீர், கெட்டிப்பருப்பு, மீன் என்று சேர்த்துப் பார்த்தால்கூட 45இல் நின்றது, மிச்சத்துக்குப் பொடி. ரத்தத்தில் வைட்டமின் டியும் பி12உம் குறைவாக இருந்ததற்கு இப்போதே மருந்து தொடங்கியது.

செப்டம்பர் கடைசியில் ஹெச்பிஏ1சி 7.5, எடை 107, சிபாப் இரவுக்கு ஆறு மணி நேரம். அக்டோபர் முதல் வாரமே செய்யலாம் என்ற நிலை. அப்போது அவரே, தீபாவளி முடியட்டும் என்றார். எங்களுக்குள் இரு கருத்து இருந்தது. தீபாவளி சீசனில் இரவு ஒரு மணி வரை தைத்தால் இத்தனை மாதம் கட்டியது கலைந்துவிடும் என்று நான் பயந்தேன். மருத்துவர், வருமானத்தை இழந்த கவலையோடு படுக்கையில் கிடப்பதும் குணமாவதைக் கெடுக்கும், அவர் முடிவை மதிப்போம் என்றார். ஒரு நிபந்தனை போட்டோம், இரவு பத்தரைக்குக் கடை மூடவேண்டும், தினமும் காலைச் சர்க்கரையை எனக்கு அனுப்பவேண்டும். அவர் 60 பிளவுஸ் ஆர்டரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார், மூன்றாவதாக ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தார். தீபாவளி வரை எடை அரை கிலோ ஏறியது, அதற்கு மேல் இல்லை.

தீபாவளிக்கு மறுநாள்

2024 தீபாவளி அக்டோபர் 31. இரண்டு வார லிவர் டயட் நவம்பர் 1 தொடங்கியது, வீடு முழுக்க முறுக்கும் அதிரசமும் இருக்கும்போது. இந்த முறை அட்டவணை நாங்கள் கொடுத்தது, இன்சுலின் அளவு குறைக்கப்பட்டது, நாளுக்கு நான்கு முறை சர்க்கரைப் பரிசோதனை. பலகாரத்தை எல்லாம் மூன்றாம் நாளே அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துத் தீர்த்தது மாமியார். "அவ கண்ணுல படக்கூடாது" என்றாராம். தூக்கப் பரிசோதனை அறிக்கையை மகள் பாட்டிக்குப் படித்துக் காட்டிய பிறகு அவர் மாறிவிட்டிருந்தார், அது எங்களுக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் நாட்களில் பதினைந்து நிமிடத்துக்கு 30 மில்லி என்று துளித்துளியாகக் குடிக்கவேண்டும், மடக்கென்று குடித்தால் நெஞ்சடைக்கும். அளவுக்கு என்ன செய்வது என்று கேட்டபோது கரூரிலிருந்து ஓர் அம்மா சொன்னார், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையை எடுத்துவை, இரண்டு மூன்று பாலாடை அந்தக் கணக்கு, அதில் வேகமாகக் குடிக்கவே முடியாது. மகள் குழந்தையாக இருந்தபோது வாங்கிய வெள்ளிப் பாலாடை பீரோவில் இருந்தது. இப்போது நான் எல்லாருக்கும் இதைச் சொல்கிறேன்.

ஆபரேஷனும் அதன் பிறகும்

நவம்பர் நடுவில் 103 கிலோ எடையில் பைபாஸ் நடந்தது. கல்லீரல் நன்றாகத் தூக்கக் கொடுத்தது என்று மருத்துவர் சொன்னார். அன்று மாலையே நடக்கவைத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனார். காய்ச்சல், படபடப்பு, தோள்வரை இழுக்கும் வயிற்றுவலி இவற்றில் எது வந்தாலும் குழுவில் கேட்காமல் இந்த எண்ணை அழைக்கவேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதி, கணவர் அதைத் தன் போன் உறைக்குள் வைத்துக்கொண்டார்.

பதினோராம் நாள் வாந்தி தொடங்கியது. யாரோ இரண்டாம் வாரமே இட்லி சாப்பிட்டதாகப் படித்து, கால் இட்லி சாப்பிட்டிருக்கிறார். இரண்டு நாள் தொடர்ந்ததால் சேர்த்து, தையமின் (வைட்டமின் பி1) ஊசியும் சலைனும் கொடுத்தோம். விடாத வாந்தியில் தையமின் வேகமாகக் குறையும், நரம்பைப் பாதிக்கும், அதற்குக் காத்திருக்கக்கூடாது. சரியாகிவிட்டது. ஆனால் ஜூலையில் நடந்ததே மறுபடி நடந்திருக்கிறது என்பதை நாங்கள் கவனிக்கவேண்டியிருந்தது.

ஆறாம் மாதம் 82 கிலோ, ஹெச்பிஏ1சி 5.9, இன்சுலின் இல்லை. நான்காம் மாதத்தில் முடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது, அது வரும், போகும் என்று முன்பே குழுவில் கேட்டிருந்ததால் பயப்படவில்லை. ஒன்பதாம் மாதம் மூச்சு வாங்குகிறது என்று வந்தார், ஹீமோகுளோபின் 9.6. மாதவிலக்கு அதிகம், பைபாஸில் இரும்புச்சத்து உறிஞ்சுவதும் குறைவு, மலச்சிக்கல் என்று இரும்பு மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தார். நரம்பு வழியே இரும்புச்சத்து ஏற்றினோம். ஒரு வருட முடிவில் 75 கிலோ. மறுபடி செய்த தூக்கப் பரிசோதனையில் 38 என்பது 7 ஆகியிருந்தது, இயந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. முட்டி வலிக்கத்தான் செய்கிறது, ஆனால் மாடிப்படி ஏறுகிறார். இரவில் சமையலறையில் நிற்பது மாதத்தில் ஓரிரு முறை நடக்கிறது என்று அவரே சொல்கிறார்.

எதை மாற்றினோம், எது பாக்கி

முதல் சந்திப்பிலேயே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், மெடிக்கலில் கேட்டு வாங்கியது உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்கிறோம். பட்டியல் கேட்பதில்லை. எந்த டயட்டும் தொடங்கும் முன் சர்க்கரை மாத்திரை மாற்றம் முடிந்திருக்கவேண்டும் என்பது எங்கள் சீட்டில் முதல் வரி.

குழுவில் மூன்று விதி வந்தது. அட்டவணை போடுபவர் தனக்கு என்ன நோய், என்ன மருந்து, ஆபரேஷனுக்கு முன்பா பின்பா, எத்தனையாவது வாரம் என்று மேலேயே எழுதவேண்டும். மயக்கம், வாந்தி, வலி, காய்ச்சல் என்று யார் போட்டாலும் முதல் பதில் "உங்க டாக்டருக்கு போன் பண்ணிட்டீங்களா, என்ன மாத்திரை சாப்பிடறீங்க" என்பதாகத்தான் இருக்கவேண்டும், அதற்கு முன் யாரும் மோர் சொல்லக்கூடாது. எந்த ஆபரேஷன் நல்லது என்ற விவாதம் கிடையாது, அவரவர் அனுபவத்தைச் சொல்லலாம். முதல் வாரம் இதற்குக் கோபப்பட்டு நான்கு பேர் வெளியேறினார்கள். நான் இப்போது தினமும் இரவு ஒன்பதிலிருந்து ஒன்பதரை வரை குழுவைப் படிக்கிறேன், அதை என் வேலை நேரமாகவே மருத்துவமனையிடம் எழுதி வாங்கியிருக்கிறேன்.

ஆபரேஷனுக்குப் பிந்தைய உணவில் இன்னும் ஓட்டை இருக்கிறது. பதினோராம் நாள் இட்லியை எந்த விதியும் தடுத்திருக்காது. வாரவாரியாக ஒவ்வொருவருக்கும் தனியாக போன் செய்ய ஆள் வேண்டும், அதற்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.

எடை மறுபடி ஏறியவர்களை மாதம் ஒருமுறை, ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்களோடு பேசவைக்க முயல்கிறோம். அழைப்பது இந்த அக்காதான், கடை மூடிய பிறகு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார். ஐந்து பேரைக் கேட்டதில் இரண்டு பேர் சம்மதித்தார்கள். ஒருவர் போன மாதம் பேசினார். இன்னொருவர் தேதி சொல்கிறேன் என்றிருக்கிறார்.